ஒரே முகவரி

இலவசமாகத் தரும் காலம் முடிவதற்குள் சந்தாவை ரத்து செய்துவிட வேண்டும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று உனக்கே தெரியும், இளமதி. கடைசி நாள் வரை காத்திருக்கக் கூடாது, மறந்துபோகும். முந்தின நாளே ஒரு மத்தியானம் உட்கார்ந்து, ‘நிச்சயமா?’, ‘உண்மையாகவே நிச்சயமா?’ என்று அவர்கள் கெஞ்சுவதைக் கண்டுகொள்ளாமல் அழுத்திவிட வேண்டும். உன் டேப்பில் பேச்சுப் பயிற்சிக்கார சுஷ்மிதா போட்டுவிட்டுப் போன பேச்சுச் செயலிக்கு நாளையோடு இலவசக் காலம் முடிகிறது. அதனால் இன்றைக்கே பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.

வாயைத் திற. கஞ்சி ஆறிவிட்டது, நாக்கைச் சுடாது. ஆதவன் வேலை முடிந்து வருவதற்குள் உன்னிடம் ஒரு விஷயத்தையும் சொல்லி முடித்துவிடுகிறேன். உனக்குக் காது நன்றாகக் கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மாமியாருக்கு இதைவிட நல்ல மருமகள் அமைவாளா என்று ஊரில் கேலி பேசுவார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். தைப்பூசத்தன்று உனக்கு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும், மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. உன்னுடையதை உன்னிடம் ஒப்படைத்துவிடுவதுதான் முறை.

லீலா சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று பெண்கள் சொல்வார்கள். என் வாட்ஸ்அப் குழுவில் சிங்கப்பூர் முழுக்க, புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஈசூன் வரை ஆள் இருக்கிறது. பூப்பந்து அரங்கை மற்றவர்களுக்கு முன் பிடித்துக் கொடுக்கும் செயலி எது, எந்தப் படச் சந்தாவை எந்த மாதத்தில் எடுத்தால் சலுகை, தேக்கா சந்தை மாடியில் யார் தைத்தால் ரவிக்கை தோளில் தூக்காது, எல்லாவற்றையும் நானே பயன்படுத்திப் பார்த்துவிட்டு ஐந்துக்கு இத்தனை என்று எழுதுவேன். யாரிடமும் ஒரு வெள்ளி வாங்கியதில்லை. நல்லதைத் தேடி நாலு பேருக்குக் கொடுப்பது என் சுபாவம்.

உனக்கும் கொடுத்தேன். உன் முதல் ஓட்டக் காலணியை எடுத்துத் தந்தது நான்தான். உன் குதிகால் உள்பக்கம் சாய்கிறது என்று நடையைப் பார்த்தே சொன்னேன், கடைக்காரனே அசந்துபோனான். அதைப் போட்டுக்கொண்டு வாராவாரம் பொங்கோல் கால்வாய்க் கரைக்குப் போய் ஓடினாய். ஓடி ஓடி அந்த இடம் உனக்குப் பிடித்துப்போயிற்று. காற்று வருகிறது, தண்ணீர் தெரிகிறது என்று ஆதவன் காதில் ஓதிக்கொண்டே இருந்தாய். என் காலணி என் பிள்ளையையே நடத்திக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

குடும்பச் சந்தாவும் நான் போட்டதுதான். உன் மாமா போன பிறகு இந்த வீட்டில் ஒருவருக்கொருவர் பேச்சே குறைந்துவிட்டது. ஆதவன் ஓர் அறையில், நான் ஓர் அறையில். அப்போது பாட்டு, படம், செய்தி, புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே குடும்பக் கணக்கில் கொண்டுவந்தேன். அவன் என்ன பாட்டுக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும், நான் என்ன படம் பார்க்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். நீ கல்யாணமாகி வந்த மறுநாளே உனக்கும் அழைப்பு அனுப்பினேன். ‘லீலா உங்களைத் தன் குடும்பத்தில் சேர்க்க விரும்புகிறார்’ என்று வந்தது. நீ சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாய். தாலி கட்டியது ஆதவன், குடும்பத்தில் சேர்த்தது நான்.

பிறகு என் கடன் அட்டை காலாவதியானபோது, கணக்கை உன் பெயருக்கு மாற்றினால் உன் வங்கியில் சலுகை உண்டு என்றாய். நானே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன். நல்ல சலுகைதான், குழுவிலும் எழுதினேன்.

பொங்கோலில் வீடு கிடைத்துவிட்டது என்று நீங்கள் இருவரும் வந்து சொன்ன அன்று நான் கேசரி கிளறினேன், ஞாபகம் இருக்கிறதா? வீடு ஒதுக்கும் குலுக்கலில் நல்ல எண் வந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டதாக அன்றுதான் சொன்னாய். என் வீட்டுச் சாமி மாடத்தின் முன் நின்று, என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வரம் கேட்டிருக்கிறாய். நான் ஏற்றிய விளக்கில். முருகனும் கொடுத்துவிட்டார். நான் இரண்டாம் தடவை கேசரி வைத்துக்கொள்ளச் சொன்னேன், உனக்குச் சர்க்கரை என்பதை மறந்தவள் போல. நீ ஊசி அளவைக் கூட்டிப் போட்டுக்கொண்டு என் மனம் நோகக் கூடாதென்று சாப்பிட்டாய். நல்ல பெண்தான் நீ. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

நீங்கள் பொங்கோலுக்குக் குடிபோன பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பாட்டுக் கேட்கலாம் என்று தொலைபேசியை எடுத்தேன். ‘நீங்கள் இந்தக் குடும்பத்திலிருந்து நீக்கப்பட்டுள்ளீர்கள்’ என்று இருந்தது.

ஏதோ கோளாறு என்று நினைத்து உன்னை அழைத்தேன். நீ சிரித்தாய். கெட்ட சிரிப்பு இல்லை, எப்போதும் சிரிக்கிற சிரிப்புதான்.

“அத்தை, அது ரூல்ஸ் லா. ஒரே அட்ரஸ்ல இருந்தாதான் ஃபேமிலியாம். எல்லாரும் சேர்ந்து இருக்கீங்களான்னு கேட்டுச்சு, இல்லன்னு போட்டேன். நீங்க சிங்கிள் பிளான் எடுத்துக்குங்க, சீப்தான்.”

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அதை யாரும் எனக்கு எழுத்தில் அனுப்பியதில்லை. உன்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள், நீ இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறாய். ஆமாம் என்று போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? யார் வந்து கதவைத் தட்டிப் பார்க்கப்போகிறார்கள்? எனக்கு மிகவும் வலித்தது, இளமதி. அன்றைக்குச் சாம்பார் அடிபிடித்துப்போயிற்று, நான் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தேன். நீ சொன்ன சிங்கிள் பிளானை எடுத்துக்கொண்டேன். சீப்தான்.

துடைத்துவிடுகிறேன், இரு. இடது பக்கம் வழிகிறது.

தைப்பூசத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு ஆதவன் வந்தான். உனக்கு ஒன்பது வயதிலிருந்தே சர்க்கரை. கைப்புஜத்தில் காசு போல ஒன்று ஒட்டியிருப்பாய், அது உன் தொலைபேசிக்கு அளவைச் சொல்லும், நீ அனுமதித்த ஆளின் தொலைபேசிக்கும் சொல்லும். அதுவரை அந்த ஆள் ஆதவன் மட்டும்தான். தைப்பூச வாரத்தில் அவனுக்கு ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சி, முகாமுக்குள் தொலைபேசி கொண்டுபோகக் கூடாது. பால்குடத்தை அடுத்த வருஷம் எடுக்கலாமே என்று உன்னைக் கேட்டானாம், சாமி கடனை வைத்திருக்கக் கூடாது என்று நீ சொல்லிவிட்டாயாம். அதனால் என் தொலைபேசியை உன் அளவோடு சேர்த்துவிட்டான்.

“அம்மா, சத்தம் வந்தா ஜூஸ் மட்டும் குடுங்க. வேற எதையும் யோசிக்க வேணாம்.”

சேர அழைப்பு வந்தது, ஏற்றுக்கொண்டேன். பாட்டிலிருந்து நீக்கியவள் உயிரில் சேர்த்துக்கொண்டாளே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. அந்த நிமிஷம் என் மனதில் ஒன்றும் இல்லை. இதை நீ நம்ப வேண்டும்.

ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது லேசாக இருந்திருக்கலாம். நீ எப்போதும் கையில்லாத ரவிக்கைதான் கேட்பாய். தேக்கா மாடியில் தையல்காரம்மாவிடம் மஞ்சள் துணியைக் கொடுத்து, கை முழங்கை வரை வைக்கச் சொன்னது நான். கோயில் காரியம், புஜத்தில் ஒட்டியிருப்பதை நாலு பேர் பார்த்து நோயாளி என்பார்கள், எதற்கு என்றேன். நீயும் கண்ணாடியில் பார்த்துவிட்டு அழகாக இருக்கிறது என்றாய். அழகாகத்தான் இருந்தது. முழங்கை வரை கை வைத்தால் ஒல்லியான பெண்களுக்கு எடுப்பாக இருக்கும் என்று குழுவிலும் எழுதினேன், நிறைய பேர் இதயம் போட்டார்கள்.

பால்குடம் புறப்படும் நேரத்தை இணையத்தில் பதிவு செய்ததும் நான்தான். விடியற்காலை இடம் இருந்தது. வெயில் ஏறுகிற நேரமாகப் பார்த்து எடுத்தேன், காலையில் கூட்டம் என்று உன்னிடம் சொன்னேன். விரத நாள் என்று நீ இட்லியைப் பாதியில் வைத்துவிட்டாய். பை அத்தையிடம் இருக்கிறது, பையில் ஜூஸ் இருக்கிறது என்ற தைரியம்.

குடம் எடுப்பவருக்கு இரண்டு கையும் குடத்தில். செருப்பு, தொலைபேசி, தண்ணீர் எல்லாம் கூட வருகிறவர் தோளில். பெருமாள் கோயிலிலிருந்து முருகன் கோயிலுக்குக் கிளம்பினோம். சிராங்கூன் சாலையில் நீ நன்றாக நடந்தாய், ஓடிப் பழகின கால் அல்லவா. சிலிகி சாலைக்கு வந்தபோது உன் தொலைபேசியும் என் தொலைபேசியும் ஒன்றன் பின் ஒன்றாகத் துடித்தன. உறுமிச் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை. ஆனால் உனக்கே உடம்பில் தெரிந்திருக்கிறது.

“அத்தை, ஒரு மாதிரியா இருக்கு. எவ்வளவு காட்டுது பாருங்க.”

எடுத்துப் பார்த்தேன். நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்றுக்குப் பக்கத்தில் இருந்தது, அம்பு கீழ்நோக்கி.

“அஞ்சு புள்ளி எட்டும்மா. நல்லாதான் இருக்கு. நட.”

“பரவால்ல அத்தை, ஜூஸ் குடுங்க.”

“நல்லா இருக்கறப்ப குடிச்சு யாராவது விரதத்தக் கெடுப்பாங்களா? கோயில் வந்துடுச்சு.”

நீ எண்களை நம்புகிறவள். அஞ்சு புள்ளி எட்டு என்று கேட்டதும் தலையை ஆட்டிவிட்டு நடந்தாய். ஜூஸ் பெட்டி என் கைக்கு எட்டும் இடத்திலேயே இருந்தது, உறிஞ்சு குழல்கூட ஒட்டியிருந்தது. நான் மறந்துபோகவில்லை, பதறவில்லை. கொடுக்கவில்லை. உன்னை எதுவும் செய்துவிட வேண்டும் என்றும் நினைக்கவில்லை. ஒரு கேள்விக்கு இல்லை என்று பதில் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அந்தச் செயலிக்கு நான் ஐந்துக்கு ஐந்து தருவேன். சத்தத்தை நிறுத்திய பிறகும் திரையில் சிவப்பாக எழுதிக்கொண்டே இருந்தது. கடைசியில் உன் தொலைபேசியை அணைக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு உன் அளவு யாருக்கும் தெரியாது, எனக்கும்கூட.

கொஞ்ச தூரத்தில் நீ தள்ளாட ஆரம்பித்தாய். முகமெல்லாம் முத்து முத்தாக வேர்வை. கண் எங்கோ பார்த்தது, வாய் ஏதோ முணுமுணுத்தது. நமக்குப் பின்னால் குடம் எடுத்துவந்த கமலா என்ற அம்மாவை உனக்கு நினைவிருக்காது. தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அவர்தான் முதலில் சந்தேகப்பட்டார்.

“பொண்ணுக்குச் சர்க்கரை ஏதும் இருக்கா?”

“இருபத்தொம்போது வயசு. அதுக்குள்ள சர்க்கரையா? அருள் வந்திருக்கு. எங்க வீட்ல வழக்கந்தான்.”

அவர் தன் குடத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் உன் கையைப் பிடித்துப் பார்த்தார். ரவிக்கைக் கை இன்னும் நாலு விரல் குட்டையாக இருந்திருந்தால் புஜத்தில் ஒட்டியிருந்தது கண்ணில் பட்டிருக்கும். வேர்த்துத் தள்ளாடுகிறவளைத் தைப்பூசத்தன்று நம் ஆட்கள் என்னவென்று நினைப்பார்கள்? நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன், மிச்சத்தை ஊரே பார்த்துக்கொண்டது. யாரோ உன் நெற்றியில் விபூதி அள்ளிப் பூசினார்கள். வேல் வேல் என்று சுற்றி நின்று பாடினார்கள். நீ விழுந்து பால் கொட்டியபோதுகூட, ஆண்டவன் நடுவழியிலேயே வாங்கிக்கொண்டான் என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஓரத்தில் ஒரு மரத்தடியில் பாயை விரித்து உன்னைப் படுக்க வைத்தார்கள். தொண்டூழியர்கள் வந்து கேட்டார்கள், மருத்துவ உதவி அழைக்கட்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். அருள் இறங்கித் தூங்குகிறாள், எழுப்பக் கூடாது, தானே தெளியும் என்று நான் சொன்னேன். மாமியார் சொல்லும்போது யார் மறுப்பார்கள்? கமலாவுக்கும் தலையில் குடம், நிற்க முடியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

உன் தலை என் மடியில் இருந்தது. விசிறிக்கொண்டே இருந்தேன். கடந்து போகிறவர்கள் உன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கையில் பிள்ளையோடு வந்த ஒருத்தி, குழந்தையின் தலையை உன் பாதத்தில் வைத்து எடுத்தாள். நிழல் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. அவ்வளவு நேரம் நீ என்னோடு தனியாக இருந்தது கல்யாணமானதிலிருந்து அன்றைக்குத்தான். என்னைவிட்டுப் போகிற ஆளாக அப்போது நீ தெரியவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

பிறகு உன் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அதை அருள் என்று யாராலும் சொல்ல முடியாது, அவர்களே ஓடிவந்து ஆம்புலன்ஸை அழைத்துவிட்டார்கள். அதில் ஏறிய பிறகு, சர்க்கரை உண்டு என்று நான் சொன்னேன். கேட்டார்கள், மறைக்காமல் சொன்னேன். உன் தொலைபேசி என்னாயிற்று என்று ஆதவன் கேட்டபோது சார்ஜ் போய்விட்டது, என்னுடையது உறுமிச் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். அவன் முகாம் உடையோடு ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து என் மடியில் முகத்தை வைத்து அழுதான். பத்து வயதுக்குப் பிறகு அவன் என் மடிக்கு வந்தது அன்றைக்குத்தான்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். சர்க்கரை இறங்கிக் கிடந்த நேரத்தில் மூளை பாதித்து, பேச்சும் கைகாலும் போய்விட்டன என்றார்கள். பொங்கோல் வீடு பூட்டிக் கிடக்கிறது. உன்னை இங்கே என் அறைக்குப் பக்கத்து அறைக்குக் கொண்டுவந்தாயிற்று. நீங்கள் வந்த அன்றே உங்கள் இருவருக்கும் புதிதாகக் குடும்ப அழைப்பு அனுப்பினேன். உனக்கு வந்ததை உன் விரலைப் பிடித்து நானே ஏற்றுக்கொண்டேன். எல்லோரும் ஒரே முகவரியிலா என்று கேட்டது, ஆமாம் என்று போட்டேன். இந்தத் தடவை யாரும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உன் சர்க்கரை இப்போது ஒரு தரம்கூட இறங்குவதில்லை. ராத்திரி லேசாகச் சத்தம் வந்தாலே எழுந்து ஓடிவருகிறேன். அம்மா மாதிரி யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது என்று ஆதவன் தன் நண்பர்களிடம் சொல்கிறான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பேச்சுப் பயிற்சிக்கு வருகிற சுஷ்மிதா இந்த டேப்பைக் கொண்டுவந்து வைத்தாள். வலது கையில் ஒரு விரல் நன்றாக அசைகிறதாம், எழுத்தைத் தொட்டால் அது சேர்த்துப் படிக்குமாம். நீ நாலு நாளாகத் தப்பும் தவறுமாகத் தொட்டுக்கொண்டிருந்தாய். நேற்றுச் சாயங்காலம் ஆதவன் பக்கத்தில் இருக்கும்போது ஒரு வரி முழுதாக வந்துவிட்டது. ‘அத்தை ஜூஸ் தரல’ என்று டேப்பிலிருந்து ஒரு பெண் குரல் படித்தது.

நான் கதவோரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஆதவன் உன் நெற்றியில் முத்தம் கொடுத்தான், அவன் கண்ணெல்லாம் தண்ணீர்.

“அம்மா, அவளுக்கு ஜூஸ் வேணுமாம். ஒரு வாய் குடுங்களேன்.”

கொடுத்தேன். நீ குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவன் அதைக் கவனிக்கவில்லை. இந்தச் செயலிக்கு ஒரு வருஷத்துக்கே கட்டிவிடுங்கள் அம்மா, சந்தா விஷயமெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் படுக்கப்போனான். நான் வெகுநேரம் யோசித்தேன். அவனுக்காகத்தான் யோசித்தேன். இத்தனை மாதம் அழுது இப்போதுதான் தேறிவருகிறான். அவனை மறுபடி தரையில் உட்கார வைப்பது உனக்குச் சம்மதமா?

எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டேன். கட்டணம் கட்டினால் எழுத்துப் பலகை உண்டு. கட்டாவிட்டால் ஆறு படங்கள். பசி, தண்ணீர், வலி, தூக்கம், கழிவறை, நன்றி. தொட்டால் அதுவே சொல்லும். உட்கார்ந்த இடத்தில் இருக்கும் ஒரு மனுஷிக்கு இதற்குமேல் என்ன பேச வேண்டியிருக்கிறது? எழுத்துப் பலகை உன்னைக் களைப்பாக்குகிறது, பிடிபடாமல் அழுகிறாய் என்று ஆதவனிடம் சொல்கிறேன். சுஷ்மிதாவிடமும் சொல்கிறேன். காசுக்குப் பார்க்கிறேன் என்று மட்டும் நினைக்காதே.

இதோ, நிச்சயமா என்று கேட்கிறது. மறுபடியும் கேட்கிறது. ஆயிற்று.

பார், எழுத்தெல்லாம் போய்ப் படம் மட்டும் நிற்கிறது, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது. தொட்டுப் பழகு. பயப்படாதே, எதையாவது தொடு.

வலி என்கிறது. சரி. வேறு ஏதாவது தொடு.

மறுபடியும் வலி. ஒரே இடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறாய். விரல் அங்கேயே போகிறது, பழகாததுதான் காரணம்.

மின்தூக்கி நிற்கிறது. சாவிச் சத்தமும் கேட்கிறது, இன்றைக்கு அவன் சீக்கிரமாக வந்துவிட்டான். விரலைக் கொடு, நான் பிடித்துக்கொள்கிறேன். இங்கே, கடைசிப் படத்தில் வை. நன்றி. கேட்டாயா, எவ்வளவு தெளிவாக வருகிறது. அவன் உள்ளே வரும்போது இன்னொரு தரம் அழுத்துவோம், மனம் குளிர்ந்துபோவான். கண்ணைத் துடைத்துவிடுகிறேன், இப்படித் திரும்பு. மூன்று பேரும் ஒரே முகவரியில் இருக்கிறோம், இளமதி. இந்தக் குடும்பத்திலிருந்து நான் யாரையும் நீக்கியதில்லை.